செண்பகம் கூடு கட்டிய வீதி

காத்தான்குடியும் ஆரையம்பதியும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் ஆற்றங்கரை வீதியில், அந்த ஆண்டு மாரி தொடங்கிய கிழமையிலிருந்து எந்தப் பூட்டும் பூட்டாக நிற்கவில்லை. ஆமைப்பூட்டுகள் கொளுக்கியை விட்டுக் கழன்று, கதவடியில் மாங்காய்போல விழுந்து கிடந்தன. அலுமாரிகள் தாமாகத் திறந்து, பெருநாளைக்கென்று மடித்து வைத்த உடுப்புகளை வீட்டாருக்கு முன்கூட்டியே காட்டின. மோட்டார் சைக்கிள்களின் கழுத்துப் பூட்டு இளகியது. ஆரையம்பதிப் பக்கத்துக் கோயிலின் உண்டியலும் காத்தான்குடிப் பக்கத்துப் பள்ளிவாசலின் உண்டியலும் ஒரே லுஹர் தொழுகை நேரத்தில் வாயைத் திறந்தன. வாவியை அங்குள்ளவர்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள். அந்த ஆற்றின் கரையில் மரத்தோடு சங்கிலியால் பிணைத்திருந்த தோணிகள் அவிழ்ந்து, மழைத்தண்ணீரோடு தம் பாட்டுக்குப் புறப்பட்டுப் போயின. களவு போகவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு சைக்கிளும் ஒரு மூடை அரிசியும் போனதாகப் பேச்சு. ஆனால் எல்லா வீடும் ஒன்றாகத் திறந்து கிடந்ததால், தன் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டில் களவெடுக்கப் போக எவருக்கும் வசதிப்படவில்லை.

முதல் சந்தேகம் மின்ஹாஜின் மேல் விழுந்தது. வீதி முனையில் ஒரு சின்னப் பெட்டிக்கடை வைத்து, தொலைந்த சாவிகளுக்கு மறுதிறப்பு வெட்டிக் கொடுப்பவன் அவன். இரண்டு ஊரிலும் அவன் கை படாத பூட்டு கிடையாது. நகைக்கடை ஹமீட் ஹாஜியார் முறைப்பாடு கொடுத்ததன்பேரில் பொலிஸார் வந்து அவனுக்கு விலங்கு போட்டார்கள். ஜீப்பில் ஏறுவதற்குள் விலங்கு கழன்று சேற்றில் விழுந்தது. அவன் அதைக் குனிந்தெடுத்து, சாறனில் துடைத்து, போட்டவரிடமே மரியாதையாக நீட்டினான். வீதியைத் தாண்டிய பிறகு விலங்கு ஒழுங்காகப் பூட்டிக்கொண்டது. பொலிஸாருக்கு அதுவே போதுமான சாட்சியாக இருந்தது. திறக்கிறது ஆளில்லை, வீதிதான் என்று முடிவெடுத்து, தேத்தண்ணி கொடுத்து அவனை அனுப்பி வைத்தார்கள்.

அவனைப் பற்றி வீதிக்கு இன்னொன்றும் தெரியும். அதை எவரும் அவன் முகத்துக்கு நேரே பேசுவதில்லை. அவனுடைய மனைவி றுமைஸா, மகள் றிஸ்லாவுக்குச் சீதனமாக ஒரு வீடு எழுப்ப வேண்டுமென்று, வளைகுடா நாடொன்றுக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். முதல் ஆண்டு வெள்ளிக்கிழமை தவறாமல் பேசினாள். அதன் பின் அவளை எசமானியின் தங்கை வீட்டுக்கு மாற்றினார்கள். அங்கே அவளுடைய போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நோன்பு மாதத்தில் ஒருமுறை, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, வேறு யாருடையதோ போனில் அவள் குரல் வந்தது.

“இஞ்சாருங்க, வெளியால பூட்டிட்டுத்தான் போறாங்க. பாஸ்போட்டும் அவங்கட இரும்புப் பெட்டிக்குள்ள. றிஸ்லாக்கிட்டச் சொல்லிராதீங்க.”

“எந்த மாதிரிப் பூட்டு புள்ள?” என்று கேட்டான் மின்ஹாஜ். அந்த நேரத்தில் அவனுக்கு வேறு எதுவும் கேட்க வரவில்லை. அவள் பதில் சொல்லுமுன் தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு ஒன்றுமில்லை. அவளை அனுப்பிய ஏஜென்சிக்காரர் இலக்கத்தை மாற்றிக்கொண்டார். கொழும்புக்குப் போய் நின்ற வரிசைகளில் அவனுக்குக் கிடைத்தது ‘பார்க்கிறோம்’ என்ற சொல் மட்டும்தான். ஊரில் எல்லாப் பூட்டையும் திறக்கத் தெரிந்த மனிசனுக்கு அந்த ஒரு பூட்டு எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியவில்லை.

வீதியின் பூட்டுகளுக்கு என்ன நடந்தது என்பதைக் கண்டுபிடித்தவள் ஆரையம்பதிப் பக்கத்துச் சீதேவிப்பிள்ளை. அவளுடைய தோணி இரண்டாம் முறையும் அவிழ்ந்து எதிர்க்கரையான படுவான்கரைக்குப் போய்விட்டிருந்தது. சண்டை பிடிக்கவென்றுதான் சங்கிலியும் கையுமாக மின்ஹாஜிடம் வந்தாள். வந்த வழியில், அவன் வீட்டு வேலிக்குப் பின்னால் ஆற்றோரமாக அடர்ந்திருந்த தாழம் பற்றையைப் பார்த்ததும் அவளுடைய கோபம் நின்றுபோனது.

“தம்பி, உங்கட தாழைக்குள்ள செண்பகம் கூடு கட்டியிரிக்கி. பாத்தயளா?”

“அது எப்பவும் திரியிறதுதானே அக்கா.”

“திரியிறது வேற, கூடு கட்டுறது வேற. இனி ஆரிட்டயும் பூட்டு விக்காதீங்க.”

செண்பகம் காகத்தளவு பறவை. உடம்பு மினுங்கும் கறுப்பு, சிறகு துலக்கி வைத்த செம்பு, கண் நெருப்புத் தணல். ஆணும் பெட்டையும் ஒன்றுபோல இருக்கும்; பெட்டை சற்றுப் பெரிது. தூரம் பறக்கிற பழக்கம் அதற்குக் கிடையாது. காணிக்காரன் தன் காணியைச் சுற்றிப் பார்ப்பதுபோல, வேலியோரமாக நடந்து திரிந்து நத்தையும் பாம்புக்குட்டியும் தின்னும். அடிவயிற்றிலிருந்து ‘உக், உக், உக்’ என்று அது குரல் கொடுத்தால், குடத்துக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல இருக்கும். அது குறுக்கே நடந்தால் போகிற காரியம் சரிவரும் என்று இரண்டு ஊரிலும் நம்புகிறார்கள். அதன் இறைச்சி இழுப்பு நோய்க்கு மருந்து என்று சொல்லி முன்பு பொறி வைத்தவர்களும் உண்டு. ஆனால் பெரிய கதை கூட்டைப் பற்றியது. இரும்பை இளக்கும் ஒரு வேரைச் செண்பகம் தேடி வந்து தன் கூட்டில் வைத்துப் பின்னும். அந்த வேர் ஓடுகிற தண்ணீரில் எதிர்த்துப் போகும்.

அந்தக் கிழமைதான் கடல் வாயின் மணல்மேட்டை வெட்டிவிட்டிருந்தார்கள். ஆறு முழுவதும் கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. சீதேவிப்பிள்ளை முள்ளுக்குள் கையை விட்டு, கூட்டின் அடியிலிருந்து ஒவ்வொரு குச்சியாக உருவித் தண்ணீரில் போட்டாள். எல்லாம் வடக்கே போயின. கடைசியாகப் போட்ட ஒன்று, விரல் நீளமுள்ள கறுத்த வேர், கொஞ்சம் யோசிப்பதுபோல நின்றுவிட்டுத் தெற்கே திரும்பி, நீர்ப்பாம்புபோல ஓட்டத்தை அறுத்துக்கொண்டு போனது. அவள் தண்ணீருக்குள் இறங்கி நடந்து அதைப் பிடித்து வந்து, கூட்டிலிருந்த ஒற்றைக் குஞ்சுக்கு அடியில் முன்பிருந்தபடியே செருகிவைத்தாள்.

மின்ஹாஜ் சாறன் நனைந்தது தெரியாமல் நின்றான். “அக்கா, இது எவ்வளவு தூரத்துக்கு வேலை செய்யும்?” என்று கேட்டான்.

அவளுக்கு விளங்கிவிட்டது. “இது பழசு தம்பி. செண்பகத்திட குரல் கேக்கிற தூரத்துக்குத்தான். பச்சை வேரெண்டாத் தூரம் ஒரு கணக்கில்ல. ஆனா அது சும்மா கொண்டு வராது. குஞ்சிட காலில இரும்புச் சங்கிலி போட்டாத்தான் போய்த் தேடும். பாவம் பிடிச்ச வேலை. நான் செய்யச் சொல்ல மாட்டன். செய்யிறெண்டா, குஞ்சுக்கு நோகாமச் செய்யுங்க.”

தோட்டுக் கம்பியைவிட மெல்லிய இரும்புக் கம்பியில், மகளுடைய விரல் நுழையும் அளவுக்கு வளையம் வைத்து, அவன் ஒரு சங்கிலி செய்தான். அவ்வளவு நுணுக்கமான வேலையை அவன் அதற்கு முன்பும் செய்ததில்லை, பின்பும் செய்யவில்லை. அது எதற்கென்று தெரிந்ததும் றிஸ்லா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். உம்மாவுக்கு நடந்தது அவளிடம் சொல்லப்படாவிட்டாலும், அவளுக்கு எப்போதோ தெரியும்.

“உம்மாவப் பூட்டி வச்சிரிக்கிறாங்களே, அவங்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் வாப்பா?”

மின்ஹாஜ் சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினான். தாழம் பற்றைக்குப் போய், முள் கீறிய கையால் குஞ்சின் ஒரு காலில் வளையத்தைப் போட்டான். சங்கிலியின் மற்ற முனையை மரத்தில் கட்டாமல் தன்னுடைய கணுக்காலில் மாட்டிக்கொண்டு, பற்றையருகே சேற்றில் உட்கார்ந்தான். வீதியில் எந்தப் பூட்டும் நிற்காத காலத்தில் அந்தச் சங்கிலி மட்டும் நின்றது. கூட்டிலிருந்த வேர் அதைத் திறக்கவில்லை. மனிதன் தன் காலில் தானே மாட்டிக்கொண்டதைப் பழைய வேர் திறக்காது என்று சீதேவிப்பிள்ளை சொன்னாள். அது உண்மையா, அவள் அந்த நேரத்துக்குச் சொன்னதா என்று எவரும் கேட்கவில்லை.

செண்பகச் சோடி வந்து பார்த்தது. ஒன்று சங்கிலியைக் கொத்தியது. அலகு நோகுமட்டும் கொத்தியது. பிறகு இரண்டும் வேலியில் அருகருகே அமர்ந்து, பேசி முடிவெடுப்பதுபோல மாறி மாறிக் குரல் கொடுத்தன. பெட்டை இறங்கி நடக்கத் தொடங்கியது. ஆண் நத்தை தேடப் போனது.

அதன் பிறகு அந்தப் பெட்டைச் செண்பகத்தைக் கண்டவர்கள் பலர். ஆற்றைக் கடக்க அதற்குச் சிறகு போதாதென்று, மீனவர் ஒருவருடைய தோணியின் முன்புற அணியத்தில் ஏறி நின்று படுவான்கரைக்குப் போனது. அவர் அதனிடம் ஒன்றும் கேட்கவில்லை. விதைத்து முளைத்த வயல்வட்டைகளின் வரம்பில் அது நடந்து போனதை யானைக் காவல்காரர்கள் கண்டார்கள். பஸ்ஸைத் தவறவிட்ட ஆசிரியைபோலத் தலையைக் குனிந்துகொண்டு விசுக்கு விசுக்கென்று நடந்ததாம். குடும்பிமலைக்குப் போகும் கிரவல் பாதையில் ஒரு உழவு இயந்திரம் அதற்காக நின்று வழிவிட்டது. மலையடிக்குப் போன பின் அதைக் கண்டவர் இல்லை.

மின்ஹாஜ் மழையிலும் வெயிலிலும் அங்கேயே இருந்தான். றிஸ்லா அவனோடு பேசவில்லை; ஆனால் வேளை தவறாமல் சோறு கொண்டுவந்து வைத்தாள், தலைக்கு மேல் ஒரு தறப்பாளும் கட்டிவிட்டாள். அவன் கால் நீட்டினால் குஞ்சின் கால் இழுபடும். அதனால் நீட்டாமல் இருந்து பழகினான். தன் சோற்றில் மீனைக் கிள்ளிக் குஞ்சுக்கும் கொடுத்தான். அது கொஞ்சம் கொஞ்சமாக அவன் காலடியில் வந்து படுக்கத் தொடங்கியது. ஒரு முற்பகலில் ஹமீட் ஹாஜியார், கையில் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு, கடைக்காரர் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“மின்ஹாஜ், எழும்பு. பத்தைய எரிச்சாத்தான் இந்தக் கரைச்சல் தீரும். நான் கடைய எத்தின நாளைக்குக் கட்டிலப் போட்டுக் காக்கிற?”

“எரிக்கிறெண்டா எரிங்க ஹாஜியார். நான் இதோட சங்கிலியில இரிக்கிறன்.”

ஹாஜியார் போத்தலின் மூடியைத் திருகினார். அந்த நேரம் ஆண் செண்பகம் வந்தது. மனிதர் அத்தனைபேர் நிற்பதையும் பொருட்படுத்தாமல் அவர்களுக்கு நடுவால் நடந்து, நத்தையைக் கல்லில் தட்டி உடைத்து, சதையை மட்டும் எடுத்துக் குஞ்சின் வாயில் வைத்தது. ஓடு தொண்டையில் சிக்கிவிடுமோ என்று ஒருமுறை உள்ளே பார்த்தும் கொண்டது. ஹாஜியாருக்கும் தாயில்லாமல் வளர்த்த பிள்ளைகள் இருந்தார்கள். “அது திரும்பி வருமட்டும் பாப்பம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, போத்தலை மூடிக்கொண்டு போனார். அடுத்த நாள் மின்ஹாஜுக்கு ஒரு போர்வை வந்தது. யார் அனுப்பியதென்று கொண்டுவந்தவர் சொல்லவில்லை.

பெட்டை ஒரு காலை நேரத்தில் திரும்பி வந்தது. இறகெல்லாம் புழுதி, ஒரு கண் வீங்கியிருந்தது, வால் இறகில் பாதியைக் காணோம். அலகில் ஒரு பச்சை வேர், நூலளவு. அது எவரையும் பார்க்கவில்லை. நேராக நடந்து வந்து, குஞ்சின் காலில் வேரை வைத்தது. சங்கிலி, சங்கிலியாக இருந்ததை மறந்ததுபோல, ஒவ்வொரு கண்ணியாக விரிந்து சேற்றுக்குள் போனது. பிறகு மின்ஹாஜின் பக்கம் திரும்பி, அவன் கணுக்காலைக் கொஞ்ச நேரம் தலை சாய்த்துப் பார்த்து, அங்கே மீந்திருந்த வளையத்திலும் வேரை வைத்தது. பிள்ளையைக் கட்டி வைத்தவனை அது ஏன் அவிழ்த்துவிட வேண்டும் என்று மின்ஹாஜ் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறான். குஞ்சு நொண்டிக்கொண்டு தாயிடம் போனது. மூன்றும் தாழைக்குள் போய்விட்டன. சற்றுப் பொறுத்து உள்ளிருந்து ‘உக், உக், உக்’ என்ற குரல் எழுந்தது. அப்படியொரு நீளமான குரலை அந்த வீதி அதற்கு முன் கேட்டதில்லை.

அதே காலையில், கடலுக்கு அப்பால், றுமைஸா ஆண்களின் நீண்ட வெள்ளை அங்கிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சமையலறைக் கதவு திறந்தது. காற்று என்று நினைத்துச் சாத்தினாள். திரும்பவும் திறந்தது. தன்னைச் சோதிக்கிறார்கள் என்று பயந்து, இன்னும் இறுக்கிச் சாத்திவிட்டு அடுத்த அங்கியை எடுத்தாள். மூன்றாம் முறை கதவு திறந்தபோது, பேரீச்ச மரமும் கொங்கிறீற்றும் தவிர ஒன்றுமில்லாத அந்தத் தெருவிலிருந்து, அவளுடைய சொந்தச் சமையலறையின் பின்னால் கேட்கும் குரல் கேட்டது. அவள் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை நிறுத்தினாள். கூடத்தில் இரும்புப் பெட்டி திறந்திருந்தது. அதற்குள் நகைகளுக்கு மேலே அவளுடைய கடவுச்சீட்டு. அதை மட்டும் எடுத்தாள். எசமானி வீட்டில்தான் இருந்தாள். ஆனால் குளிர்ப்பெட்டியும் யன்னல்களும் மூன்று கார்களின் கதவுகளும் ஒன்றாகத் திறந்துகொண்டதால், ஒன்றைச் சாத்த ஓடினால் மற்றது திறக்க, அவளுக்கு றுமைஸாவைப் பிடிக்க நேரம் கிடைக்கவில்லை. பெரிய கேற் ஓரமாக விலகி நின்றது. றுமைஸா வெயிலுக்குள் நடந்து போனாள். ஒரு டாக்ஸிக்காரர், கேட்காமலே ஏற்றி, தூதரகத்தில் கொண்டுபோய் விட்டார்.

அங்கே அவள் இரண்டு மாதத்துக்குக் கிட்ட இருக்க வேண்டி வந்தது. வேர் இரும்பைத் திறக்கும், கடதாசியைத் திறக்காது. கையெழுத்தும் முத்திரையும் தம் வழமையான வேகத்திலேயே நடந்தன. ஆனால் இந்த முறை அவளிடம் போன் இருந்தது. வெள்ளிக்கிழமைகள் திரும்பி வந்தன. தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு, கொழும்பு பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு பையோடு அவள் நடந்து வந்தபோது, வீதியின் எல்லாக் கதவும் திறந்துதான் கிடந்தன. எனவே அவளைக் காணாத வீடு இல்லை.

றிஸ்லா தாயைக் கட்டிப்பிடித்து அழுது முடித்த பிறகு, தேத்தண்ணியோடு மூவரும் பின்வாசலில் இருந்தார்கள். மின்ஹாஜ் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். சங்கிலி செய்ததையும், மகள் கேட்டதையும், குஞ்சு இப்போது ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பதையும் சொன்னான். றுமைஸா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“தாய் போன நாளெல்லாம் குஞ்சுக்கு ஆர் தீன் குடுத்த?” என்று கேட்டாள்.

“வாப்பாதான்” என்றாள் றிஸ்லா.

“எந்த வாப்பா?”

“ரெண்டு வாப்பாவும்.”

றுமைஸா சிரித்தாள். சிரிப்பு வந்ததும் அவளே பயந்து வாயைப் பொத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். வேலியோரமாக ஒரு இளஞ்செண்பகம் காலை இழுத்து இழுத்து நடந்து போனது. அவள் எழுந்து அதற்கு வழிவிட்டாள். அன்றிலிருந்து தாழம் பற்றையில் எவரும் கத்தி வைப்பதில்லை. பொறி வைக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவரை ஹமீட் ஹாஜியாரே சந்தி வரைக்கும் கூட்டிப்போய் விட்டுவந்தார். அவர் கடையைப் பிரதான வீதிக்கு மாற்றிக்கொண்டாலும் குடியிருப்பது இங்கேதான். மின்ஹாஜ் இப்போது திறப்பு வெட்டுவதில்லை. கதவுகளுக்கு மணி பொருத்துகிறான். திறந்த வீட்டுக்கு ஆள் வருவது தெரியவேண்டுமல்லவா. தொழில் மோசமில்லை.

இன்னும் வாடாத அந்தப் பச்சை வேரைச் செண்பகங்கள் வருடா வருடம் பழைய கூட்டிலிருந்து எடுத்துப் புதிய கூட்டில் வைத்துப் பின்னுகின்றன. எந்தக் குஞ்சின் காலிலும் அதன் பிறகு சங்கிலி ஏறவில்லை. கூடு முடிந்து அந்த நீண்ட குரல் கேட்கிற மாரியில், இந்த இரண்டு ஊரிலிருந்தும் போய் எங்கெங்கோ பூட்டுப்பட்டிருக்கிற பெண்கள் கதவு திறந்து வெளியே வருகிறார்கள். ஜோர்தானிலிருந்து வந்தார்கள், லெபனானிலிருந்து வந்தார்கள். சிலர் அடுத்த கிழமையே வந்தார்கள், கடதாசி இல்லாதவர்கள் பிந்தி வந்தார்கள். வீதி அதற்கேற்றபடி பழகிவிட்டது. செண்பகம் அலகில் புல் காவத் தொடங்கினால், தோணிக்காரர் சங்கிலியை விட்டுக் கயிற்றுக்கு மாறுகிறார்கள்; ஆள் வர இருக்கிற வீடுகளில் அறை கூட்டிப் பாய் காயப்போடுகிறார்கள்.

இந்த மாரியில் ஆரையம்பதிப் பக்கத்து இராசதுரை வீட்டில் அந்த வேலை நடக்கிறது. அவருடைய மகள் அஜந்தா குவைத்துக்குப் போய், சித்திரைக்குப் பிறகு சத்தமில்லை. இராசதுரை அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். மின்விசிறிக்குப் புது இறக்கை போட்டுவிட்டார். நேற்றுக் காலை, பையை எடுத்துக்கொண்டு, மகளுக்குப் பிடித்த இறால் வாங்கச் சந்தைக்குப் புறப்பட்டவரை, அவருடைய மனைவி புஸ்பம் வேலிப் படலையில் வைத்து மறித்தாள். தாழம் பற்றையை எட்டிப் பார்த்துவிட்டு, மழைக்குடையை அவர் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னாள்:

“இப்பதான் பாதிக் கூடு முடிஞ்சிரிக்கி. மீன் வாங்கிட்டு வாங்க. இறால் மறுகா வாங்குவம், இப்ப வாங்கினாப் பழுதாப் போகும்.”